அகல்விளக்குக்குள் ஒரு படிப்பு

‘அகல்விளக்குக்குள் ஒளிந்திருக்கும் படிப்பு (3)’. குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடை மூன்று எழுத்து என்பதை அடைப்புக்குள் இருக்கும் எண் சொல்கிறது. பழக்கமில்லாதவர் மனத்தில் உடனே ஒரு காட்சி விரியும்: மின்சாரம் இல்லாத வீடு, திண்ணை, சிறிய வெளிச்சத்தில் புத்தகம் விரித்திருக்கும் பிள்ளை. அந்தக் காட்சி விரிய வேண்டும் என்பதுதான் குறிப்பை எழுதியவரின் விருப்பமும். பழகியவரோ காட்சியை ஓரமாக வைத்துவிட்டு எழுத்துகளை எண்ணத் தொடங்குவார். அ, க, ல், வி, ள, க், கு. இரண்டாம் எழுத்திலிருந்து நான்காம் எழுத்துவரை விரலை நகர்த்தினால் போதும். கல்வி.

கிரிப்டிக் குறுக்கெழுத்து என்று அழைக்கப்படும் இந்த வகையில் ஏறத்தாழ ஒவ்வொரு குறிப்புக்கும் இரண்டு பாகம் உண்டு. ஒன்று விடையின் நேர்ப்பொருள். மற்றது விடையின் எழுத்துகளைக் கட்டித் தரும் சொல்விளையாட்டு. நேர்ப்பொருள் குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும், நடுவில் வராது. ஆனால் எந்த இடத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்பதை எழுதியவர் காட்டமாட்டார். மேலே உள்ள குறிப்பில் ‘படிப்பு’ நேர்ப்பொருள். மீதி முழுவதும் எழுத்து வேலை. இரண்டு வழியும் ஒரே சொல்லில் போய்ச் சேர்வதால், கிடைத்த விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. சான்று குறிப்புக்குள்ளேயே இருக்கிறது.

நான்கு பேர் கூடி விடுவிக்கும் இடத்தில் ஒருவர் ‘கல்வி’ என்றதும் மற்றவர்களிடமிருந்து வரும் முதல் கேள்வி ‘எப்படி?’ என்பது. இந்த விளையாட்டின் உயிர் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அ(கல்வி)ளக்கு என்று ஒருவர் தாளின் ஓரத்தில் அடைப்புக்குறி போட்டுக் காட்டியபிறகுதான் அந்தக் கட்டம் முடிந்ததாகக் கணக்கு.

இன்னும் சில குறிப்புகள். எல்லாம் இந்தக் கட்டுரைக்காக எழுதப்பட்டவை.

‘விதைக, கலைந்தாலும் பாட்டாகும் (3)’. இதில் ‘கலைந்தாலும்’ என்ற சொல் எழுத்துகளை இடம் மாற்றச் சொல்கிறது. வி, தை, க மூன்றையும் மாற்றி அடுக்கினால் கவிதை. ‘அயல்நாட்டு அனுமதிக்குச் சாவியைத் திருப்பு (2)’. பூட்டில் திருப்ப வேண்டாம். சொல்லைத் திருப்பினால் விசா. ‘தலையில்லா ஊரின் கை (3)’. நகரத்தின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் கரம். ‘பாட்டும் குளிர்காற்றும் சேர, சிறுமி உடுத்துவது (3)’. பா, வாடை: பாவாடை.

‘கப்பல் கடப்பதைக் கொறிக்கலாம் (3)’ என்பது வேறு இனம். இதில் எழுத்துவேலை எதுவும் இல்லை. இரண்டு நேர்ப்பொருள்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கொறிப்பது கடலை. கப்பல் கடப்பது கடல். கடப்பதை என்று இரண்டாம் வேற்றுமையில் கேட்டிருப்பதால் விடையும் அதே உருபோடு கடலை என்றாகிறது. கூட இருப்பவர்களில் ஒருவர் ‘கொறிக்கலாம்’ என்பதை வைத்தே கடலையைக் கட்டத்தில் எழுதியிருப்பார். கப்பல் ஏன் வந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. இலக்கணத்தில் கண் உள்ள இன்னொருவர் அந்த ‘ஐ’யைச் சுட்டிக்காட்டும்போது, ஏற்கெனவே எழுதிவிட்ட விடை மறுபடி புதிதாகக் கிடைத்ததுபோல இருக்கும். தனியாக உட்கார்ந்து நிரப்புகிறவருக்கு இந்த இரண்டாவது கண்டுபிடிப்பு பல நேரம் வாய்ப்பதில்லை. குறுக்கும் நெடுக்கும் விழுந்த எழுத்துகள் விடையைக் கொடுத்துவிடும்; அவர் அடுத்த குறிப்புக்குப் போய்விடுவார்.

குறுக்கெழுத்தின் தொடக்கம் 1913 டிசம்பர் 21. லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் இதழாளராக இருந்த ஆர்தர் வின், நியூயார்க் வேர்ல்ட் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்காக வைர வடிவில் ஒரு கட்டம் வரைந்தார். குறிப்புகள் நேரான பொருள் விளக்கங்கள்தாம். அதைக் கிரிப்டிக்காக மாற்றியது இங்கிலாந்து. எட்வர்ட் பவ்விஸ் மேதர்ஸ் 1926 முதல் அப்சர்வர் ஞாயிறு இதழில் ‘டார்கெமாடா’ என்ற புனைபெயரில் முழுக்க முழுக்கச் சொல்விளையாட்டாகவே குறிப்புகள் எழுதினார். டார்கெமாடா ஸ்பெயினின் கொடிய மதவிசாரணைத் தலைவரின் பெயர். விடுவிப்பவரைச் சித்திரவதை செய்வதே தன் வேலை என்று அவர் பெயரிலேயே அறிவித்துவிட்டார்.

அவர் 1939இல் இறந்தபின் அந்த இடத்துக்கு வந்தவர் டெரிக் சாமர்செட் மெக்நட். சசெக்ஸில் உள்ள கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் பள்ளியில் கிரேக்கமும் லத்தீனும் கற்பித்த ஆசிரியர். அவரும் இன்னொரு மதவிசாரணையாளரின் பெயரான ‘சிமெனஸ்’ஸைச் சூட்டிக்கொண்டார். ஆனால் அவர் காட்டிய அக்கறை நேர்மையின்மேல். குறிப்பு எவ்வளவு வேண்டுமானாலும் ஏமாற்றலாம். இலக்கணத்திலும் எழுத்துக் கணக்கிலும் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. 1966இல் இதைப் பற்றி ஒரு முழு நூலே எழுதினார். அவருக்கு முன்பே ‘ஆஃப்ரிட்’ என்ற பெயரில் புதிர் எழுதிய ரிச்சி, 1949இல் வந்த தம் நூலில் இதே நெறிக்கு ஓர் அடிப்படை போட்டிருந்தார்: குறிப்பின் மேலோட்டமான பொருள் எழுதுபவரின் உண்மைக் கருத்தாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் அவர் கருதும் பொருளுக்கு அந்தச் சொற்கள் இடம் தந்தே ஆகவேண்டும். மெக்நட்டுக்குப் பின் 1972இல் வந்த ஜோனதன் கிரௌதர் ‘ஏஸெட்’ ஆனார். டேசா என்ற விசாரணையாளரின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப்போட்டது அது. ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தும் கடைசி எழுத்தும் அதற்குள் ஒலிக்கின்றன. நல்ல குறிப்பில் துல்லியமான நேர்ப்பொருளும் நியாயமான சொல்விளையாட்டும் இருக்கும், வேறெதுவும் இருக்காது என்பது அவர் தந்த சுருக்கம். ‘வேறெதுவும் இருக்காது’ என்ற பகுதிதான் எழுதுபவரைத் திணற வைக்கும். அழகுக்காக நுழைந்த ஒரு சொல், எந்த வேலையும் செய்யாமல் நின்றால், விளக்கம் கேட்கும் கூட்டம் அதைப் பிடித்துவிடும்.

இந்த நெறியின் அருமை, நம் ஊர்க் குறுக்கெழுத்தின் இன்னொரு வரலாற்றைப் பார்த்தால் விளங்கும். 1930களில் ஆனந்த விகடன் பணப் பரிசோடு குறுக்கெழுத்துப் போட்டி நடத்தியது. நாட்டின் பல பகுதிகளில் இத்தகைய போட்டிகள் பெருகின. அவற்றில் பலவற்றில் ஒரு குறிப்புக்கு இரண்டு மூன்று சொற்கள் சமமாகப் பொருந்தும். போட்டி நடத்துபவர் எந்தச் சொல்லை மனத்தில் வைத்திருந்தாரோ அதுவே சரியான விடை. 1955இல் மத்திய அரசு பரிசுப் போட்டிச் சட்டம் கொண்டுவந்து, மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கூடாது என்றும், உரிமம் பெற்ற சிறிய போட்டிக்கும் 2000 நுழைவுகளே எல்லை என்றும் கட்டியது. பெங்களூரில் அச்சான ஒரு வார இதழ் வழியே குறுக்கெழுத்துப் போட்டி நடத்திவந்த சமர்பாக்வாலா தரப்பினரின் வழக்குகளில் 1957இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெற்றி கணிசமான அளவு திறமையைச் சாராத போட்டி சூதாட்டம் என்பது அதன் சாரம்.

சட்டத்தின் மொழியில் இருந்தாலும், இது புதிர்க்கலையின் மையமான கேள்வி. விடை எங்கே இருக்கிறது? யாரோ ஒருவரின் பூட்டிய மேசைக்குள்ளா, காகிதத்தில் அச்சான குறிப்புக்குள்ளா? விடுகதையிலும் இந்தச் சிக்கல் உண்டு. போட்டவர் தலையசைத்தால்தான் விடை. வேறொரு பொருள் கச்சிதமாகப் பொருந்தினாலும் ‘அது இல்லை’ என்று அவர் சொல்லிவிடலாம். நல்ல கிரிப்டிக் குறிப்பு அந்த அதிகாரத்தை எழுதியவரிடமிருந்து எடுத்து எழுத்துகளிடம் கொடுத்துவிடுகிறது. எழுதியவர் அறையில் இல்லாவிட்டாலும் விவாதம் தீரும்.

சென்னையில் தி இந்து நாளிதழின் ஆங்கிலக் குறுக்கெழுத்தில் பழகியவர்கள் பலருக்கு, தமிழில் இது முடியுமா என்ற கேள்வி இயல்பாக எழும். முடியும் என்று செய்துகாட்டியவர்கள் உண்டு. கலிபோர்னியாவிலிருந்து வெளிவரும் தென்றல் மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் தமிழில் இத்தகைய புதிர்களை எழுதியிருக்கிறார்.

ஆனால் ஆங்கிலத்தில் செய்வதை அப்படியே தமிழில் செய்ய முடியாது. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள். தமிழ்க் கட்டத்தில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என்று 247இல் எதுவும் வரலாம். எழுத்துகளைக் கலைத்துப்போட்டு இன்னொரு சொல் செய்வது ஆங்கிலத்தில் எளிது. தமிழில் ‘விதைக–கவிதை’ போன்ற இணைகள் அபூர்வம். மெய்யும் உயிரும் ஒரே கட்டத்தில் இறுகியிருப்பதால், ‘தை’யில் உள்ள ஐகாரத்தைக் கழற்றி ‘க’வுக்கு மாட்ட வழியில்லை.

கட்டம் வரைவதிலேயே இலக்கணம் குறுக்கே வருகிறது. புள்ளி எழுத்து எந்தத் தமிழ்ச் சொல்லுக்கும் முதலாகாது. எனவே இடமிருந்து வலம் போகும் சொல்லில் ‘ம்’ வரும் கட்டத்திலிருந்து மேலிருந்து கீழ்ச் சொல் ஒன்றைத் தொடங்க முடியாது. அந்த ‘ம்’ கீழே போகும் சொல்லின் கடைசி எழுத்தாகவோ, ‘தம்பி’, ‘அம்மா’ போல நடுவிலோதான் உட்கார வேண்டும். நம் பெயர்ச்சொற்களில் மகரத்தில் முடிவன ஏராளம் என்பதால் கட்டம் வரைபவர் ஒவ்வொரு மூலையிலும் இதோடு மல்லுக்கட்டுகிறார்.

இன்னொரு சிக்கல் வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் சொற்கள் உருமாறாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தமிழில் ‘சாவியை’ என்றதும் ‘வி’யின் பின்னால் ஓர் எழுத்து ஒட்டிக்கொள்கிறது. விடுவிப்பவர் அந்த உருபை உரித்துவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். கடலைக் குறிப்பிலோ அதே உருபு விடையின் பகுதியாகிவிடுகிறது. எப்போது உரிப்பது, எப்போது வைத்துக்கொள்வது? இதற்குப் பொது விதி இல்லை. குறிப்பு எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் உருபால் ஓர் ஆதாயமும் உண்டு. ‘அயல்நாட்டு அனுமதி திரும்பிய சாவி’ என்று எழுதினால், விடை விசாவா சாவியா என்ற ஐயத்துக்கு இடம் இருக்கிறது. திரும்புவது எந்தப் பக்கத்துச் சொல் என்று தெரியாது. ‘சாவியைத் திருப்பு’ என்று இரண்டாம் வேற்றுமை வந்ததும் ஐயம் தீர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும் திருப்புச்சொல்லால் வரும் இந்த ஓட்டையை ஒரு ‘ஐ’ அடைத்துவிடுகிறது.

இவ்வளவையும் சொன்னபின், இது கடன் வாங்கிய கலை என்றே தோன்றும். கட்டம் கடன்தான். ஆனால் கட்டத்துக்குள் நடக்கும் வேலை தமிழில் மிகப் பழையது. தொல்காப்பியம் பாட்டு, உரை, நூல் முதலியவற்றோடு விடுகதையாகிய பிசியையும் ஒரு வகையாக வைத்து எண்ணுகிறது. திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. ஒரே பாட்டில் பாம்பையும் எள்ளையும் பாடிய காளமேகத்தின் சிலேடைகள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்தவை.

கிரிப்டிக் குறிப்புக்கு இவற்றைவிட நெருக்கமான உறவு தண்டியலங்காரத்தில் இருக்கிறது. வடமொழிக் காவியாதரிசத்தைப் பின்பற்றிய இந்த அணியிலக்கண நூல், சொல்லணியியலில் சித்திரகவி வகைகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் ஒன்று எழுத்து வருத்தனம்: ஒரு சொல்லோடு ஒவ்வோர் எழுத்தாகச் சேர்க்க, ஒவ்வொரு படியிலும் புதுப்பொருள் பிறக்க வேண்டும். எடுத்துக்காட்டாகத் தரப்படும் வரிசை கம், நகம், கநகம், கோகநகம். பொருள் முறையே தலை, மலை, பொன், தாமரை. இதற்கு எதிர்த்திசையில் போவது அக்கரச்சுதகம். கநகாரி என்றால் நரசிங்கன். முதலெழுத்தைக் குறைத்தால் நகாரி, முருகன். இன்னொன்றையும் குறைத்தால் காரி, ஐயனார். ‘தலையில்லா ஊரின் கை’ இதே மரபின் பிள்ளை. இன்றைய பேச்சுத்தமிழில் ஏணி கட்ட வேண்டுமானால் ரம், கரம், நகரம், மாநகரம் என்று நான்கு படி ஏறலாம். முதற்படி மதுக்கடையில் இருந்தாலும் கணக்குத் தவறவில்லை.

அந்தப் பட்டியலில் மிகவும் வியக்க வைப்பது வினாவுத்தரம். அதற்கான எடுத்துக்காட்டுச் செய்யுள் வரிசையாகக் கேள்வி கேட்கிறது. பூமகள் யார்? திரு. போகிறவனை அனுப்புகிறவன் என்ன சொல்வான்? ஏகு. போரிடும் சரத்துக்குப் பெயர் என்ன? அம்பு. அழகின் பெயர்? அம். கடைசிக் கேள்வி: பிறை சூடிய பெருமான் விரும்பி உறையும் இடம் எது? முன் நான்கு விடைகளையும் சேர்த்தால் திருவேகம்பம். காஞ்சியில் ஏகம்பர் கோயில்.

துண்டுகளாகக் கட்டிய சொல்விளையாட்டு முதலில், நேர்ப்பொருள் முடிவில், இரண்டும் ஒரே சொல்லில் போய்ச் சேர்கின்றன. இங்கிலாந்தில் இருபதாம் நூற்றாண்டில் தேறிய வடிவம் தமிழ்ச் செய்யுளில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே முழுமையாக இருக்கிறது. ஒன்று மற்றதற்குத் தாய் என்று சொல்ல இடமில்லை. இரு இடங்களிலும் சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கண் இருந்தது, அதே வடிவத்தைக் கண்டது.

ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. திரு, ஏகு, அம்பு, அம் நான்கையும் தனித்தனியே எண்ணினால் ஒன்பது எழுத்து. திருவேகம்பத்தில் ஏழுதான். வகர உடம்படுமெய் ஏறியது. குற்றியலுகரங்கள் கெட்டு அகரத்தோடு கூடின. இன்று கட்டம் எண்ணிப் புதிர் எழுதுபவர் இந்தப் புணர்ச்சியைப் பெரும்பாலும் தவிர்ப்பார். பா, வாடை போல எழுத்து மாறாமல் ஒட்டும் சொற்களையே தேடுவார். அது பாதுகாப்பான வழி. ஆனாலும் தமிழில் இரண்டு சொல் சேர்ந்தால் உருமாறுவதே இயல்பு. அதை விடுவிப்பவர் அறிவார். ‘புணர்ந்து’, ‘கூடி’ போன்ற ஒரு சொல்லால் சந்தி உண்டு என்று உணர்த்திவிட்டால் இந்தக் குறிப்புகளும் நேர்மையானவையே. இவற்றை ஒதுக்குவது தமிழின் ஒரு பெரிய பெட்டகத்தைத் திறக்காமல் விடுவதாகும்.

சித்திரகவிக்கும் உரை இல்லாமல் வாழ்வில்லை. உரைகாரர் பதம் பிரித்து, எந்த வினாவுக்கு எது விடை, எழுத்து எப்படிக் குறைந்தது என்று சொன்னபிறகே செய்யுள் திறக்கிறது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ‘எப்படி?’ என்று கேட்கும் நால்வரும் செய்வது அந்த உரைகாரரின் வேலையை. பதம் பிரிப்பார்கள், ஒருவர் சொன்ன விளக்கத்தில் ஒரு சொல் கணக்கில் வராமல் நின்றால் மறுப்பார்கள், இன்னொருவர் வேறு பாடம் சொல்வார்.

சில விவாதங்கள் எளிதில் தீராது. முதல் குறிப்பையே ‘மு.வ.வின் நாவலுக்குள் படிப்பு (3)’ என்று எழுதலாம். 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவருடைய நாவல் அகல் விளக்கு. அதற்குள் கல்வி இருக்கிறது. மேலோட்டமான பொருளும் அழகு; பேராசிரியர் எழுதிய நாவலில் படிப்புக்கு இடம் இல்லாமல் போகுமா? ஒரு தரப்பு இதை இரட்டை விருந்து என்று கொண்டாடும். மறுதரப்பு, ஒளிந்திருக்கும் சொல்லைச் சுமக்கும் எழுத்துகள் தாளில் அச்சாகியிருக்க வேண்டும் என்று வாதிடும்: மு.வ. பல நாவல்கள் எழுதியவர், எது என்று தெரியாதவர் எந்த எழுத்தைத் தேடுவார்? இரண்டாம் தரப்பின் பக்கமே நியாயம் அதிகம். நாவலின் பெயர் தெரியாதவர் ஊகத்தில் ‘கல்வி’ என்று எழுதினாலும், தான் எழுதியது சரி என்று குறிப்பை வைத்து நிறுவ முடியாது. பரிசுப் போட்டியில் இருந்த பூட்டிய மேசை வேறு உருவில் திரும்பி வந்துவிடுகிறது.

நல்ல விளக்கத்தின் பயன் எப்போதும் விளையாட்டாகவே முடிவதில்லை. கார்டியன் நாளிதழில் பல பத்தாண்டுகள் ‘ஆரக்கேரியா’ என்ற பெயரில் புதிர் எழுதிய ஜான் கிரஹாம் ஒரு பாதிரியார். குரங்கையும் குழப்பும் மரம் என்று ஆங்கிலத்தில் பெயர்பெற்ற மரத்தின் தாவரவியல் பெயர்தான் ஆரக்கேரியா. 2013 ஜனவரியில் வந்த அவர் புதிரின் முன்னுரை, தம்மிடம் இருப்பது என்ன என்பதைச் சில கட்டங்களின் எண்களால் மட்டும் குறித்தது. விடுவித்தவர்களுக்குக் கிடைத்த சொற்கள் புற்றுநோய், உணவுக்குழாய், நோய் தணிப்புப் பராமரிப்பு. தொண்ணூற்றைக் கடந்த பெரியவர் தம் வாசகர்களிடம் இதை வேறெந்த மொழியிலும் சொல்ல விரும்பவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அவர் மறைந்தார்.

உருபை உரித்துப் பார்க்க வேண்டிய இன்னொரு குறிப்பு: ‘மலரைக் கொடு மானே (3)’. கூப்பிடுகிறவர் காதலனாகத் தெரிவார்; அவரை ஓரமாக வைக்க வேண்டும். மலரின் பெயர் இந்தக் கட்டுரையில் ஏற்கெனவே ஒருமுறை வந்திருக்கிறது. மான் எந்த இனம் என்பதைப் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.